இருபதுக்குப் பூஜ்யம்

“ஹெட்மாஸ்டர் சார், எழுந்திரிங்க! டீச்சர் உங்களை உடனே வரச் சொன்னாங்க!”

காதுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தட்டு மூன்று முறை அலறியதும் பேக்கரிக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். ராத்திரி முழுக்க ரொட்டி சுட்டுவிட்டு வந்து படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காதோரத்தில் மைதா மாவு அப்படியே இருந்தது. எதிரே கரண்டியும் தட்டுமாக மகள் நின்றாள்.

“எந்த டீச்சர்டி?”

“நம்ம ஸ்கூல்ல இருக்கிறதே ஒரு டீச்சர்தான் சார்.”

ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை அந்த வீட்டில் அம்மா கிடையாது. சாப்பாட்டு மேஜைதான் வகுப்பு. கொண்டையில் பேனாவைச் செருகி, மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டால் அவள் டீச்சர். வாய் தவறி ‘அம்மா’ என்று கூப்பிட்டால் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். மணி ஒன்று ஆனதும் டீச்சர் சமையலறைக்குள் போவாள், உள்ளேயிருந்து அம்மா வந்து, “இன்னிக்கு ஸ்கூல் எப்படிடி இருந்தது?” என்று கேட்பாள். டீச்சரைப் பற்றிக் குறை சொன்னால் ‘உச்’ கொட்டிக் கேட்டுக்கொள்வாள். எல்லாவற்றையும் பன்னிரண்டு விதிகளாக எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார்கள். சம்பளமில்லாத ஹெட்மாஸ்டர் பதவி அப்பாவுக்கு.

“இதைப் பாருங்க சார்.” டீச்சர் விடைத்தாளை நீட்டினாள். “அறிவியல். இருபதுக்குப் பூஜ்யம். இந்த வாரத்துல இது மூணாவது பூஜ்யம்.”

“சரி, அடுத்த தடவை வாங்கிடுவா.”

“எப்போ வாங்குவா? அடுத்த வாரம் கல்வி ஆபீஸ்ல பரீட்சை. அதுல ஃபெயிலானா, வீட்டுல படிக்க வைக்கிற அனுமதியை ரத்து பண்ணிடுவாங்க. மறுபடி அந்த ஸ்கூல்லதான் கொண்டுபோய் விடணும்.” கடைசி வார்த்தைகளில் டீச்சரின் குரல் கொஞ்சம் அம்மாவாகிவிட்டது.

அந்தப் பள்ளியில் ஒரு நாள் பாடம் படிக்கும்போது மகளுக்கு நாக்கு திக்கியது. வகுப்பே சிரித்தது. அதோடு வாயை மூடியவள் ஒன்றரை வருஷம் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி லேபில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஒரே நாளில் ராஜினாமா செய்துவிட்டு வந்து, இந்த மேஜையைத் துடைத்துப் பள்ளிக்கூடம் ஆக்கியவள் பேக்கரிக்காரரின் மனைவி. இப்போது மகள் தூக்கத்தில்கூடப் பேசுகிறாள். வாயாடி என்ற செல்லப் பெயரே அதற்கப்புறம் வந்ததுதான்.

“ஒரு காபி குடிச்சாதான் எனக்கு மூளை வேலை செய்யும்” என்று சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“சர்க்கரை டப்பாவைத் தொடாதீங்க! நானே போட்டுத் தரேன்.”

வகுப்பு நேரத்தில் டீச்சர் காபி போடக் கூடாது என்பது நான்காவது விதி. பேக்கரிக்காரர் ஒரு கொட்டாவி விட்டார். அதோடு அந்த விதியையும் விட்டுவிட்டார்.

காபி வந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு விடைத்தாளைப் புரட்டினார். எல்லாமே ‘சரியா, தவறா’ கேள்விகள்.

“டீச்சர், இருபது பன் சுட்டு ரெண்டு கருகினா அடுப்புல கோளாறு. இருபதும் கருகினா?”

“கருகினா?”

“யாரோ வேணும்னே கருக்கியிருக்காங்க. கண்ணை மூடிட்டு எழுதினாலே இதுல பத்து மார்க் வருமே! இருபதையும் தப்பா எழுதணும்னா, இருபதுக்கும் சரியான பதில் தெரிஞ்சிருக்கணும்.”

இருவரும் வாயாடியைப் பார்த்தார்கள். அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே ஊசி மாதிரிதான் இருந்தது.

“எதுக்குடி இப்படிப் பண்ணினே?”

பென்சில் இன்னும் வேகமாகச் சுற்றியது.

“உன்னைத்தான் கேக்குறேன். வாயைத் திறந்து சொல்லு.”

வாயாடி வாயைத் திறக்கவில்லை. பழைய நாட்கள் ஞாபகம் வந்து டீச்சருக்குப் பயத்தில் கோபம் தலைக்கேறியது.

“சொல்ல மாட்டியா? நாளைக்கு வரும்போது உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா!”

சொன்ன பிறகுதான் அது டீச்சரின் காதிலேயே விழுந்தது.

“நாளைக்கு எதுக்கு டீச்சர்? பக்கத்துலதான் இருக்காங்க” என்றாள் வாயாடி. “ஏழாவது விதி. டீச்சர் கூப்பிட்டா பெற்றோர் உடனே வரணும். நீங்க எழுதினதுதான்.”

டீச்சர் ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள். அவர் காபி டம்ளருக்குள் பார்த்தார்.

“விதின்னா விதிதானே டீச்சர்.”

டீச்சர் முறைத்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், கண்ணாடி இல்லாமல், கொண்டையில் பேனா இல்லாமல், முகத்தைத் துடைத்துக்கொண்டே அம்மா வந்தாள்.

“என்னடி ஆச்சு? டீச்சர் எதுக்கு என்னைக் கூப்பிட்டாங்க?”

வாயாடி அம்மாவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். டீச்சரின் காலி நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அம்மா, எங்க டீச்சரை ஆஸ்பத்திரியில திரும்ப வேலைக்குக் கூப்பிட்டு லெட்டர் வந்திருக்கு, அவங்க என்னை விட்டுட்டுப் போக மனசில்லாம அதைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்காங்க, எனக்குத்தான் இப்ப வாய் வந்துடுச்சே, நான் ஸ்கூலுக்குப் போய்க்கிறேன்... நீயாவது அவங்களைக் கிளம்பச் சொல்லும்மா!”