மிதவைக்கு அந்தப் பக்கம்

"ஹாரன் அடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கோ கண்ணு!" என்றாள் நர்ஸ்.

"நான் பொறுத்துக்குவேன் அக்கா. உள்ள இருக்கிறது பொறுக்கணுமே!" பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் தையல்காரி.

படகின் கீழ்த்தளத்தில், காபி விற்கும் மூலையைப் போர்வை கட்டி மறைத்திருந்தார்கள். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நர்ஸ் அதே படகில் ஏறியது யார் செய்த புண்ணியமோ! காபிக்காரர் வியாபாரத்தை மூடிவிட்டு, பாத்திரம் பாத்திரமாக வெந்நீர் போட்டுக் கொடுத்தார்.

போர்வைக்கு வெளியே தையல்காரியின் கணவன், ஃபிரிட்ஜ் மெக்கானிக், குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தான்.

"நிறைமாசப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு எதுக்குத் தம்பி கடல் தாண்டி வந்தீங்க?" என்று கேட்டார் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர். பாஸ்போர்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் படகில் வழக்கமாக வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் சட்டப்புலி.

"இவ தங்கச்சி கல்யாணம் சார். நான் இல்லாம அவளுக்குக் கல்யாணமான்னு ஒத்தக் கால்ல நின்னா. டாக்டரும் இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னுதான் சொன்னாரு. அதுக்குள்ள அந்தக் கரைக்குத் திரும்பிடலாம்னு நினைச்சோம்."

"என் தங்கச்சியை எதுக்கு இழுக்கிறீங்க? போகலாம்னு டிக்கெட் எடுத்தது யாரு?" போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இந்த வலியிலயும் காது மட்டும் நல்லாக் கேக்குது பாருங்க!"

சட்டப்புலி தொண்டையைச் செருமினார். சட்டம் பேச ஆள் கிடைத்துவிட்டால் அவருக்குப் பசி தாகம் தெரியாது. ஒரு கரையில் பெரிய நாடு. மறு கரையில் அதற்குச் சொந்தமான குட்டித் தீவு. இரண்டிலும் பறப்பது ஒரே கொடிதான், ஆனால் குடியுரிமைச் சட்டம் மட்டும் தனித்தனி. நடுக்கடலில் மிதக்கும் சிவப்பு மிதவைதான் எல்லை. அதைத் தாண்டும்போது கேப்டன் ஹாரன் அடிப்பது வழக்கம்.

"பொறந்த இடம்தான் கணக்கு தம்பி. ஹாரனுக்கு முன்னால பொறந்தா இந்தக் கரையோட பிள்ளை. அதுவும் உங்களை மாதிரியே வருஷா வருஷம் பெர்மிட்டுக்கு வரிசையில நிக்கணும். மிதவையைத் தாண்டிப் பொறந்தா அந்தக் கரையோட பிள்ளை. யாரும் அசைக்க முடியாது!"

"தெரியும் சார். வரிசையில நின்னு நின்னு செருப்பு தேய்ஞ்சதுதான் மிச்சம். இந்த மாசத்தோட பெர்மிட் முடியுது. இனிமே கிடையாது, மூட்டையைக் கட்டுங்கன்னு பெர்மிட் ஆபீசர் கறாராச் சொல்லிட்டாரு. பிள்ளை அங்க பொறந்தாத்தான் எங்களையும் இருக்க விடுவாங்க. வீடு, கடை, சிநேகிதம் எல்லாம் எங்களுக்கு அங்கதான் சார்."



உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. மெக்கானிக் ஏணியில் பாதி ஏறி, "கேப்டன்! இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கத்தினான்.

"மிதவை தெரியுது! இதுக்கு மேல விரட்டினா இன்ஜின் கழண்டு உன் மடியிலதான் விழும்!"

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே போட்டார்கள். யாரோ ஒருவர் "ஓட்டு, ஓட்டு!" என்று ஆரம்பிக்க, படகு முழுக்கச் சேர்ந்து கத்தியது. காபிக்காரர் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டித் தாளம் போட்டார்.

"தலை தெரியுது!" என்றாள் நர்ஸ்.

"கேப்டன்!" என்றார்கள் அத்தனை பேரும்.

ஹாரன் முழங்கியது. அது அடங்குவதற்குள் அதைவிடப் பெரிதாக ஒரு அழுகைச் சத்தம் கிளம்பியது.

"பொண்ணு!"

மெக்கானிக் காபிக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். சந்தோஷம் தாங்காமல் சீட்டாட்டக்காரர்களையும் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தான். பிறகுதான் எல்லோருக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. மெதுவாகச் சட்டப்புலியின் பக்கம் திரும்பினார்கள். மிதவையைத் தாண்டுவதற்கு முன்பே கேப்டன் ஹாரனை அடித்துவிட்டாரோ?

சட்டப்புலி எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"பிள்ளை அழுறதுக்கு முன்னாடியே மிதவை பின்னால போயிடுச்சு. ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்லுவேன்!"

அவருடைய மூக்குக்கண்ணாடி அப்போது சட்டைப் பையில் இருந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கேப்டன் ரேடியோவில் சேதி சொல்லியிருந்ததால், படகுத்துறையில் பெருங்கூட்டம் காத்திருந்தது. முன்னால் நின்றவர் அந்தக் கறார் பெர்மிட் ஆபீசர். ஆபீசர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் வந்தார். குழந்தையைப் பார்த்ததும் அவரை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊர் உலகமே பெரிய நாட்டுக்கு ஓடுது. அங்க தலைநகரத்துல பொறந்து வளர்ந்த நீங்க ரெண்டு பேரும், எங்களோட இந்த ஒத்தத் தெரு தீவுதான் வேணும்னு இப்படியாய்யா அடம் பிடிப்பீங்க? இறங்குங்க, இறங்குங்க. எங்க தீவுக்காரியோட அப்பா அம்மாவை இனிமே நான் எப்படித் திருப்பி அனுப்புறது!"