முட்டினதும் சொல்லுங்க

மூன்றாவது பாட்டில் தண்ணீரையும் தமயந்தி குடித்து முடித்தாள்.

ஒன்றும் வரவில்லை.

ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் சொன்னது இவ்வளவுதான். "நல்லாத் தண்ணி குடிங்க. அடக்க முடியாத அளவுக்கு முட்டினதும் வந்து சொல்லுங்க. உடனே உள்ள அனுப்பிடறனுங்க."

அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முட்டி, சொல்லி, உள்ளே போய், வெளியே வந்து, ரிப்போர்ட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பச்சைச் சுடிதார்க்காரி ஒருத்தி உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வாசலுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடையாய் நடந்தாள். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அரை மணி நேரம் தாங்க முடியவில்லையாம். இதெல்லாம் ஒரு உடம்பா?

தமயந்தி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழு வருடமாகச் சரக்கு ரயிலில் உதவி ஓட்டுநர். ஏறினால் எட்டு மணி நேரம். சில நாள் பத்து. அவள் ஏறும் இன்ஜினில் கழிப்பறை கிடையாது. ஏதாவது ஒரு பொட்டல் ஸ்டேஷனில் வண்டியை ஓரம் கட்டுவார்கள். ஆண்கள் இறங்கி, சக்கரத்தோரம் நின்று, ஒரு நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். அவள் ஸ்டேஷன் கட்டிடம் வரைக்கும் நடக்க வேண்டும்.

ஓட்டுநர் சிவலிங்கம் நல்ல மனுஷன். "போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்பார். அவர் சொன்னால் சிக்னல் கேட்குமா?

சேர்ந்த புதிதில் ஒருநாள் அவள் போன நேரம் பார்த்து, வண்டி கிளம்பச் சிக்னல் விழுந்தது. வண்டி நான்கு நிமிடம் தாமதம். விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகு நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் 'தலைசுற்றல்' என்று எழுதினாள்.

அதோடு இறங்குவதை விட்டாள்.

டியூட்டிக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்தாள். ஆரம்பத்தில் அடிவயிறு கல்லாய்க் கனத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தண்டவாளத்தோரக் கம்பங்களை எண்ணினால், வந்தது சலித்துப் போய்த் திரும்பிவிடும். நாளாக ஆக, வருவதே குறைந்தது.

புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தாள். "மூணு மணி நேரம் தாண்டிட்டீங்கன்னா அப்புறம் தொந்தரவே இருக்காது புள்ள."

பெருமையாகத்தான் சொல்லிக் கொடுத்தாள்.

இந்த வருடம் மூன்று முறை குளிர்காய்ச்சல். மூன்று முறையும் சிறுநீரில் கிருமி. மூன்றாம் முறை டாக்டரம்மா மாத்திரையோடு ஸ்கேனும் எழுதினார். கிட்னி வரைக்கும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"தமயந்தி யாருங்க? வந்து ஒண்ணரை மணி நேரமாச்சு. இன்னும் முட்டலீங்களா?"

"இல்லீங்க."

வரவேற்புப் பெண் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். சரி, போங்க என்று உள்ளே அனுப்பினாள்.

ஸ்கேன் டாக்டர் அடிவயிற்றில் ஜில்லென்று ஜெல்லைத் தடவினார். கருவியை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

"கடைசியா எப்ப போனீங்க?"

"காலைல அஞ்சு மணிக்குங்க."

"எண்ணூத்தி அறுபது மில்லி இருக்கு. மத்தவங்க நானூறுக்கே கதவைத் தட்டுவாங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"பழக்கம்தானுங்க டாக்டர்." சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. போய்விட்டு வரச் சொன்னார்.

போனாள். வந்தாள். மறுபடி படுத்தாள்.

"முழுசாப் போனீங்களா?"

"முழுசாத்தானுங்க."

"பாதி உள்ளேயே கெடக்கு."

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். நடுவில் கறுப்பாக ஒரு குட்டை.

"கிட்னி இப்போதைக்குத் தப்பிச்சிருக்கு. மூத்திரப் பைதான் தொய்ஞ்சு போச்சு, இழுத்து இழுத்து விட்ட எலாஸ்டிக் மாதிரி. முழுசா வெளிய தள்ள அதுக்குத் தெம்பில்லை. தேங்கி நிக்கறதுலதான் கிருமி வளருது." திரையில் அந்தக் குட்டையைத் தொட்டுக் காட்டினார். "அதுவும் எத்தனையோ வருஷம் சொல்லிப் பாத்திருக்கும்மா. இப்ப சொல்றதையே விட்டுருச்சு."

தமயந்திக்குப் பயம் வந்தது. காய்ச்சலில் நடுங்கிய நாளில்கூட வராத பயம்.

"சரியாயிடுமுங்களா?"

"இன்னொரு தடவை போய்ட்டு வாங்க. நிதானமா உக்காருங்க. அப்பவும் குறையலைன்னா டியூப் போட்டுத்தான் எடுக்கணும்பாங்க உங்க டாக்டர்."

கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டாள். உட்கார்ந்தாள்.

குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்பார்கள்.

வாளி நிறைந்து வழிந்தது. குழாயை மூடினாள்.

முன்னால் குனிந்து பார்த்தாள். அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தாள். சொட்டுச் சொட்டாக ஏதோ வந்தது, நின்றது.

"வா" என்றாள். வாய்விட்டே சொன்னாள்.

கதவு படபடவென்று அதிர்ந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்கக்கா. சீக்கிரம் வாங்கக்கா. சுத்தமாத் தாங்க முடியலக்கா!"

யாரோ சின்னப் பெண். ஸ்கேன் முடிந்து நேராக ஓடி வந்திருக்க வேண்டும். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

தமயந்திக்கு அந்தக் குரல் மேல் பொறாமையாக இருந்தது.

எழுந்து உடையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

"நீ போ கண்ணு" என்றாள். "எனக்கு நேரமாகும்."