பாதியில் நின்ற பாட்டு

பிற்பகல் வெயில், அக்கா தினமும் துடைத்துவைக்கும் ஸ்டீரியோவின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அத்தான் செருகிய பென்டிரைவ் இன்னும் அதில் அப்படியே இருக்கிறது. பெட்டியிலிருந்து வருவதோ வெறும் இரைச்சல். முன்னால் சம்மணமிட்டு மல்லுக்கட்டும் தம்பிக்குச் சட்டென்று பிடிபடுகிறது. “பழுதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நீ துடைக்கறப்ப குமிழ் ரேடியோவுக்குத் திரும்பியிருக்கு.” அவன் அதை யூஎஸ்பிக்குத் திருப்புகிறான். பாட்டு ஒரு வரியின் நடுவிலிருந்து கிளம்புகிறது. “கடைசியா நிறுத்தின இடத்துலேருந்து பாடுது. இரு, முதல்லேருந்து வைக்கிறேன்.” பொத்தானுக்கு நீளும் அவன் கையை அக்கா பிடித்துக்கொள்கிறாள். துடைக்கும் துணியின் ஈரம் அவன் மணிக்கட்டில் சில்லிடுகிறது. “நெஞ்சு வலிக்குதுன்னு அவர் எழுந்து நிறுத்தின இடம்டா அது. மீதியைக் கேக்காமலே போயிட்டாரு. விடு, ஓடட்டும்.”