தம்ளரோடு வந்தவள்

"உனக்கு வசனமே இல்லாத வேஷம்! ஓரமா தூண் மாதிரி நிக்கச் சொன்னா, தினமும் தம்ளரைத் தூக்கிட்டு நடுமேடைக்கு ஏன் வர்றே?"

ஒத்திகை அறை அதிர்ந்தது. கத்தியவர் அந்த நாடகக் குழுவின் வாத்தியார். இயக்கமும் அவரே, கதாநாயகனும் அவரே. திட்டு வாங்கியவள் நாடகத்தில் வேலைக்காரி.

"நான் கைதட்டல் வாங்கற நேரம் பார்த்து முந்திரிக்கொட்டை மாதிரி குறுக்கே வர்றே. இன்னிக்கு வரக்கூடாது!"

"கொண்டு வருவேன் வாத்தியாரே."

"எதுக்குன்னு சொல்லு!"

அவள் சுற்றி நின்ற நடிகர்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன். ஆனா கொண்டு வருவேன்."

"என்ன திமிர்! உனக்கு இங்கே இடமில்லை, கிளம்பு!"

வேறு குழுவில் அவளுக்கு வேஷம் கொடுக்க ஆளில்லை. தெரிந்தும் அவள் பணியவில்லை. தம்ளரைப் பைக்குள் திணித்தாள்.

"அதை வச்சிட்டுப் போ!"

"இது என் வீட்டுத் தம்ளர்!"

விடுவிடுவென்று போய்விட்டாள். விட்டது சனி என்று வாத்தியார் ஒப்பனைக்கு உட்கார்ந்தார்.

மாலை அரங்கு நிறைந்திருந்தது. தூணாக நிற்க ஒப்பனைக்காரரின் தங்கை கிடைத்தாள். சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றாள், பாவம்.

கடைசிக் காட்சி. திருட்டுப் பட்டம் கட்டித் தான் துரத்திய வேலைக்காரியிடம், வாத்தியார் நடிக்கும் பணக்காரர் மனம் திருந்திப் பேச வேண்டும். வாத்தியார் முன்னால் வந்து வாயைத் திறந்தார்.

வசனம் வரவில்லை.

எத்தனையோ மேடையில் பேசிய வசனம். வலது கை மட்டும் தானாக நீண்டு எதையோ தேடியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தினமும் இதே இடத்தில்தான் தடுக்கியிருக்கிறார். தம்ளர் விரலில் பட்ட பிறகுதான் நாக்கு அசைந்திருக்கிறது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மானம் கப்பலேறப் போகிறது.

முதல் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். டிக்கெட் வாங்கி வந்திருந்தவள், பையிலிருந்து தம்ளரை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். சொன்னபடியே கொண்டு வந்திருந்தாள்.

வாத்தியார், பக்கத்தில் நின்ற புது வேலைக்காரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேடை விளிம்புக்கு வந்து, முதல் வரிசையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"உன்னைத் துரத்தினது என் தப்பும்மா. திரும்பி வந்துடு."