நழுவிய கொக்கி

டோர்டிஸ் வீட்டுக் கராஜில் அந்தப் பழைய கார் முன்சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. துருவேறிய சுருள்வில்லைக் கழற்றுவதற்காக அதை இரண்டு நீளக் கொக்கிகளால் இறுக்கிவிட்டு, அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான கீழ்க்கையின் அடியிலிருக்கும் ஜாக்கியை அக்காவும் தம்பியுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒரு கொக்கி நழுவி, நுனியால் மட்டும் தொற்றிக்கொண்டிருக்கிறது. வில் ஒரு பக்கமாகப் புடைக்கிறது, எந்த நொடியும் தெறிக்கலாம். அதற்கு ஒரு சாண் தள்ளி டோர்டிஸின் முகம். அவள் முழங்கை கொக்கியின் தண்டில் சாய்ந்திருக்கிறது. அவள் அசைந்தால் அதுவும் அசையும்.

"அக்கா, மெதுவா வெளிய வந்துடு."

"வர முடியாதுடா. ஜாக்கியை ஏத்து. கீழ்க்கை மேல வந்து வில்லைப் பிடிச்சுக்கும்."

தம்பி ஐவின்டின் கை ஜாக்கிப் பிடியில் வழுக்குகிறது. ஏற்றுவதற்கு அழுத்த வேண்டும், இறக்குவதற்குத் திருக வேண்டும்; ஐம்பத்துமூன்று வயதுக்காரன் அதை உதடசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறான். கூரைத் தகரத்தில் அக்டோபர் மழை இரைகிறது. ஒருமுறை அழுத்துகிறான். இரும்பு முனகுகிறது. அவள் நெற்றியிலிருந்து கிரீஸ் கலந்த வியர்வை மூக்கோரமாக இறங்குகிறது, அவள் துடைக்கவில்லை.

"மூச்சு விடுடா. நீ மயங்கி விழுந்தா யாரு ஏத்துறது?"

இன்னொருமுறை அழுத்துகிறான். இன்னொருமுறை. டக்கென்று வில் தன் குழியில் உட்காருகிறது.

டோர்டிஸ் தரையோடு தரையாக நகர்ந்து வெளியே வருகிறாள். ஐவின்ட் பிடியை விடவில்லை. அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். அந்த வில்லை எப்படியும் வெளியே எடுத்தாக வேண்டும்.