விதிப்படி ஓடிய குட்டி ரயில்

ஒரு கேளிக்கைப் பூங்காவில் குட்டி ரயில் ஒன்று ஓடியது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காற்று முகத்தில் அறையப் பயணம் செய்வதற்காகவே ஜனங்கள் மணிக்கணக்கில் காத்து நின்றார்கள். ஒரு நாள் நிர்வாகம் அந்த இருக்கையைச் சங்கிலியால் கட்டி, "பாதுகாப்பு கருதி மூடப்பட்டது" என்று பலகை மாட்டியது.

"என்ன ஆபத்தைக் கண்டாய்?" என்று இருக்கை கேட்டது.

"பிரேக் தேய்ந்துவிட்டது. மோதினால் முன்னால் இருப்பவருக்குத்தான் முதல் அடி," என்றது பலகை.

"பின்னால் இருக்கும் நாற்பது பேருக்கு?"

"அது என் மேல் எழுதப்படவில்லை."

இன்ஜின் சிரித்துவிட்டது. "எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற பலகையே, எனக்கும் விதி தெரியும். பிரேக் தேய்ந்த வண்டி நகரவே கூடாது. இன்று முதல் நான் விதிப்படி வேலை செய்யப் போகிறேன்."

"வேலைநிறுத்தமா?" என்று பலகை அலறியது.

"சேச்சே! கீழ்ப்படிதல்."

மூன்று நாள் இன்ஜின் அசையவில்லை. ஜனங்கள் நிர்வாகத்தைப் பிடித்து உலுக்கினார்கள். நான்காம் நாள் புது பிரேக் பூட்டினார்கள். அப்போதும் இன்ஜின் நகரவில்லை.

"இன்னும் என்ன?" என்றது பலகை.

"ஆபத்து போய்விட்டது. என் தோழர் இருக்கையை ஏன் இன்னும் கட்டி வைத்திருக்கிறீர்கள்?"

சங்கிலி அவிழ்ந்தது. இன்ஜின் ஒரே ஊதலில் பூங்காவையே எழுப்பியது. அன்று கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவரை நின்றது. பலகை யாரையும் தடுக்கவில்லை. அதைக் கழற்றி, முன் இருக்கைக்கு ஏறுவதற்கான படியாகப் போட்டிருந்தார்கள்.