விரல் விரலாக

மகனின் உயிருக்கு ஒரு வீடு, இரண்டு கடை என்று விலை வைத்திருக்கிறார்கள். பேரம் படிந்த மாதிரிதான். வக்கீல் அறையில், மன்னிப்புத் தாளின் முன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் தையல்காரி. கறுப்பன் என்று ஏசியே அவள் மகனை அடித்துக் கொன்றவனுக்கு நாளை மறுநாள் தூக்கு. செத்தவனின் வீட்டார் எல்லோரும் மன்னித்தால் தூக்கு நிற்கும்; இந்த நாட்டுச் சட்டம் அப்படி. அவனுடைய அப்பா கண் கலங்கி, இவள் கணவனின் கையைப் பற்றிக் குலுக்குகிறார். "அண்ணே, நீங்க தெய்வம்!" கையை விட்டதும் மடியில் கைக்குட்டையை விரித்து, விரல் விரலாகத் துடைக்கிறார். ஜன்னல் வெயில் அந்த வெள்ளைத் துணியில் விழுகிறது. கண்ணீர் இன்னும் கன்னத்தில்தான் நிற்கிறது. "கையெழுத்துப் போடுங்கம்மா, உங்க பொண்ணே போட்டாச்சு," என்கிறார் வக்கீல். தையல்காரி பேனாவை மூடுகிறாள். "முதல்ல அவரைக் கண்ணைத் துடைச்சுக்கச் சொல்லுங்க சார். கைதான் சுத்தமாயிடுச்சே." தூக்கை நிறுத்த மூன்று கையெழுத்து வேண்டும். கணவனுடையது ஒன்று, மகளுடையது ஒன்று; மூன்றாவது பாக்கி.